எலுமிச்சையின் அப்பா யார்? தோலின் வாசனை சொல்லும் குடும்பக் கதை

அமெரிக்காவில் வேலை கிடைத்துக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று இது: "கறிவேப்பிலையைப் பெட்டியில வைக்காதே, ஏர்போர்ட்ல எடுத்துப் போட்டுடுவாங்க."

உண்மைதான். இந்தியாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. இத்தனைக்கும் அவர்கள் பயப்படுவது கறிவேப்பிலையைப் பார்த்து அல்ல. அவர்களுடைய கவலை ஆரஞ்சுத் தோட்டம்.

'சிட்ரஸ் கிரீனிங்' என்று ஒரு நோய். ஆரஞ்சு மரத்தை உள்ளிருந்தே வாட வைக்கும் பாக்டீரியாவால் வருவது. அதை மரத்துக்கு மரம் சுமந்து போவது 'சைலிட்' என்ற குட்டிப் பூச்சி. அந்தப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சைத் தளிர்களில் வாழும். கறிவேப்பிலைத் தளிரிலும் அதே சௌகரியத்தோடு தங்கி முட்டையிடும்.

ஏன் கறிவேப்பிலை? ஏனென்றால் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சொந்தக்காரர்கள். இரண்டுமே 'ரூட்டேசி' என்ற ஒரே தாவரக் குடும்பம். சிவன் கோவில் வில்வமும், பிள்ளையாருக்குப் படைக்கும் விளாம்பழமும்கூட அதே குடும்பம்தான்.

பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும் இந்தச் செடிகள் உறவு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பூ, காய், இலை அமைப்பு எல்லாம் பார்த்துத்தான். அதோடு இன்னொரு தடயமும் கைகொடுத்தது. வாசனை. அந்த வாசனையைப் படிக்கக் கற்றுக்கொண்டது, இன்று நாம் போடும் மாத்திரையிலிருந்து குடிக்கும் ஜூஸ் வரை பல விஷயங்களைத் தொடுகிறது.

முதலில் ஒரு சின்ன பரிசோதனை

வீட்டில் எலுமிச்சை இலையோ கறிவேப்பிலையோ இருந்தால் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நுண்ணிய புள்ளிகள் தெரியும். போன் கேமராவில் ஜூம் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அவை எண்ணெய்ச் சுரப்பிகள். ரூட்டேசி குடும்பத்தின் அடையாள முத்திரை என்றே சொல்லலாம். ஆரஞ்சுத் தோலில் தெரியும் சின்னச் சின்னக் குழிகளும் இதே வகைச் சுரப்பிகள்தான். தோலை மடக்கினால் 'சுர்'ரென்று தெறித்துக் கண்ணில் எரிகிறதே, அது சாறு இல்லை. சுரப்பிக்குள் இருக்கும் எண்ணெய்.

செடி இந்த எண்ணெயை நமக்காகத் தயாரிக்கவில்லை. கடிக்க வரும் பூச்சியையும் ஒட்டிக்கொள்ள வரும் பூஞ்சையையும் தடுப்பதற்காக வைத்திருக்கும் தற்காப்பு இது. வேப்பிலைக்கட்டி சாப்பிட்டிருக்கிறீர்களா? பெயரில் வேப்பிலை இருந்தாலும், அதில் இடிபடுவது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும்தான். நாக்கில் ஏறும் அந்த மணம் முழுக்க இந்தச் சுரப்பிகளின் வேலை.

வாசனைக்கும் வம்சத்துக்கும் என்ன சம்பந்தம்?

எளிமையாக ஒரு உதாரணம். வீட்டில் ஒரே மாவுதான் இருக்கிறது. இட்லித் தட்டு இருந்தால் இட்லி வரும். தோசைக்கல் இருந்தால் தோசை வரும். குழிப்பணியாரச் சட்டி இருந்தால் பணியாரம். மாவு ஒன்றுதான், எந்தப் பாத்திரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலகாரம் மாறுகிறது.

செடிக்குள்ளும் இதேதான். 'ஜெரனைல் டைபாஸ்பேட்' என்ற ஒரு பொதுவான மூலப்பொருள் இருக்கிறது. ஒரு நொதி அதை 'லிமோனீன்' ஆக்கும். இன்னொரு நொதி 'பைனீன்' ஆக்கும். வேறொன்று 'லினலூல்' ஆக்கும். நொதிகள்தான் பாத்திரங்கள்.

அந்த நொதியைச் செய்யச் சொல்லும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. மரபணு அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது. ஆகவே ஒரு பழத்தின் எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்ற பட்டியல், அந்த வீட்டுச் சமையலறையில் என்னென்ன பாத்திரங்கள் இருக்கின்றன என்பதன் பட்டியல். பாட்டி வீட்டுப் பணியாரச் சட்டி பேத்தி வீட்டில் இருந்தால் உறவு தெரிந்துவிடும் அல்லவா?

டிஎன்ஏவைப் படிக்கும் வசதி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த யோசனை வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பேக்கர், ஸ்மித் என்ற இருவர் யூகலிப்டஸ் மரங்களின் இலை எண்ணெயை ஆராய்ந்து, எந்த மரம் எதற்கு நெருக்கம் என்று 1902ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள். இப்படி வேதிப்பொருளை வைத்துத் தாவரங்களை வகைப்படுத்தும் துறைக்கு 'கீமோடாக்ஸானமி' என்று பெயர்.

மூக்கு போதாது, மெஷின் வேண்டும்

நம் மூக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. 50 பொருட்கள் கலந்திருந்தாலும், 'இது ஆரஞ்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். விஞ்ஞானிக்கு அந்த 50ம் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

1950களில் வந்த கேஸ் குரோமடோகிராபி என்ற கருவி அதைச் செய்தது. தலைமுடி போல மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். அதற்குள் எண்ணெயை ஆவியாக்கி, ஹீலியம் போன்ற வாயுவோடு தள்ளிவிடுவார்கள். குழாயின் உட்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். சில சேர்மங்கள் அதில் ஒட்டி ஒட்டி மெதுவாக நகரும். சில ஓடிவிடும்.

நெரிசலான பஜார் தெருவில் பத்துப் பேரை அனுப்புகிற மாதிரி. எதையும் பார்க்காதவர் முதலில் வெளியே வருவார், கடை கடையாக நிற்பவர் கடைசியில் வருவார். அப்படி ஒவ்வொன்றாக வெளியே வருவதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இன்னொரு கருவி உடைத்து எடைபோட்டு, 'இது இன்னது' என்று அடையாளம் சொல்லும்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயை இதில் விட்டால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன்தான். எலுமிச்சை வகைகளில் அது குறைந்து, மற்றவை தலைதூக்கும். உறவைத் தேடுபவர்களுக்கு லிமோனீனால் பெரிய பயன் இல்லை. ஏனென்றால் அது எல்லார் வீட்டிலும் இருக்கும் டம்ளர் மாதிரி. குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பவை, ஒரு சதவீதம், அரை சதவீதம் என்று ஓரமாக இருக்கும் சேர்மங்கள்.

16 இனமா? 162 இனமா?

இதெல்லாம் ஏன் தேவைப்பட்டது என்றால், சிட்ரஸ் பழங்களின் உறவு அவ்வளவு குழப்பம்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, நாரத்தை, கடாரங்காய், கிச்சிலி, கொழிஞ்சி, கமலா, சாத்துக்குடி, பம்பளிமாஸ். ஒரு ஊரில் கடாரங்காய் என்று விற்பதைப் பக்கத்து மாவட்டத்தில் வேறு பெயரில் கேட்க வேண்டியிருக்கும். இதில் எது தனி இனம், எது கலப்பு?

தாவரவியலாளர்களாலும் இதில் உடன்பட முடியவில்லை. அமெரிக்காவின் வால்டர் ஸ்விங்கிள், சிட்ரஸில் 16 இனங்கள் என்றார். ஜப்பானின் டனாகா 162 என்றார். இருவருமே சிட்ரஸ் நிபுணர்கள். பத்து மடங்கு வித்தியாசம்!

குழப்பத்துக்குக் காரணம் சிட்ரஸின் இரண்டு குணங்கள். ஒன்று, இவை ஒன்றோடொன்று மிக எளிதாகக் கலந்துவிடும். இரண்டு, பல வகைகளில் விதைக்குள் தாயின் நகலே கருவாக வளரும். மகரந்தம் யாருடையதாக இருந்தாலும் சரி, முளைப்பது அம்மாவின் ஜெராக்ஸ். அதனால் எப்போதோ ஒருமுறை தற்செயலாகப் பிறந்த ஒரு கலப்பு, நூற்றாண்டுகளாக மாறாமல் அப்படியே வரும். பார்ப்பவருக்கு அது ஒரு தனி இனம் போலத் தெரியும்.

கலிபோர்னியாவில் ரெய்னர் ஸ்கோரா என்ற தாவரவியலாளர், சிட்ரஸ் எண்ணெய்களின் வேதியியலை ஆராய்ந்தவர். உருவத்தோடு இப்படிப்பட்ட வேதித் தடயங்களையும் சேர்த்துப் பார்த்து, 1975ல் ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார். நாம் பயிரிடும் சிட்ரஸில் அசல் இனங்கள் மூன்றே மூன்று. பம்பளிமாஸ், மாண்டரின், சிட்ரான். மற்றவை பெரும்பாலும் இவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள்.

மாண்டரின் என்பது கமலா ஆரஞ்சு போல, தோல் சுலபமாக உரிந்துவரும் வகை. சிட்ரான் என்பது தோல் தடித்து, உள்ளே சுளை குறைவாக இருக்கும் பெரிய மணமுள்ள காய். அடுத்த ஆண்டே பாரெட், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்களும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

டிஎன்ஏ வந்தது, தீர்ப்பும் வந்தது

மரபணுவை நேரடியாகப் படிக்கும் காலம் வந்ததும், அந்த மூவர் கதை பெரும்பாலும் சரிதான் என்று தெரிந்தது. கூடவே சில புதிய சொந்தங்களும் வெளியே வந்தார்கள்.

2018ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 60 சிட்ரஸ் வகைகளின் முழு மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டது. காட்டு வகைகளையும் சேர்த்து 10 அசல் இனங்கள் என்றது. இவர்களின் பூர்விகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அதாவது கிழக்கு அசாம், வட மியான்மர், மேற்கு யுன்னான் ஒட்டிய பகுதி. காலம் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இனி, உங்களுக்குத் தெரிந்த பழங்களின் குடும்ப அட்டையைப் பார்ப்போம்.

புளிப்பு ஆரஞ்சு: அம்மா பம்பளிமாஸ், அப்பா மாண்டரின்.

சாத்துக்குடி: ஜூஸ் கடை மெனுவில் 'ஸ்வீட் லைம்' என்று எழுதியிருப்பார்கள். லைமும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. அது இனிப்பு ஆரஞ்சின் ஒரு வகை. பம்பளிமாஸும் மாண்டரினும் பல தலைமுறை கலந்து பிறந்தது இனிப்பு ஆரஞ்சு.

கிரேப்ஃப்ரூட்: பம்பளிமாஸ், இனிப்பு ஆரஞ்சு இரண்டின் பிள்ளை. கரீபியனில் பிறந்தது. பார்படாஸ் தீவில் இருந்ததாக 1750லேயே குறிப்பு இருக்கிறது.

லெமன்: சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், இரு முனையும் கூம்பிய பெரிய மஞ்சள் வகை. அம்மா புளிப்பு ஆரஞ்சு, அப்பா சிட்ரான்.

நம் எலுமிச்சை: புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும், சின்ன உருண்டை எலுமிச்சை. ஆங்கிலக் கணக்கில் இது லெமன் இல்லை, லைம். அப்பா சிட்ரான். அம்மா 'மைக்ராந்தா' என்ற பிலிப்பைன்ஸ் காட்டுச் சிட்ரஸ். மூவர் பட்டியலில் இல்லாத ஒரு ஆள்!

ஆக, லெமனும் நம் எலுமிச்சையும் ஒரே அப்பா, வேறு வேறு அம்மா வழி வந்தவை. இப்போது வாசனைக்கு வாருங்கள். இரண்டிலும் நாம் 'எலுமிச்சை வாசனை' என்று சொல்லும் சுள்ளென்ற மணத்துக்குக் காரணம் 'சிட்ரல்'. அந்த சிட்ரல் சிட்ரானின் தோலிலும் இருக்கிறது. அப்பா வீட்டுச் சொத்து பிள்ளைகள் இருவரிடமும் வந்திருக்கிறது.

'எர்ல் கிரே' டீ குடித்திருந்தால் பெர்கமாட் வாசனை தெரிந்திருக்கும். பெர்கமாட் தோலில் 'லினலைல் அசிடேட்' என்ற சேர்மம் நிறைய. புளிப்பு ஆரஞ்சின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் அதுதான் முதன்மை. மரபணு ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? பெர்கமாட், லெமனுக்கும் புளிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்தது. பெற்றவருக்கு இலையில் இருந்த மணம் பிள்ளைக்குப் பழத் தோலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாசனை ஏமாற்றுவதும் உண்டு

'அப்போ ஒரே வாசனை வந்தா சொந்தம்னு முடிவு பண்ணிடலாமா?' என்று கேட்டால், கூடாது. இங்கேதான் கவனம் தேவை.

எலுமிச்சைப்புல் டீயை முகர்ந்து பாருங்கள். அதே சிட்ரல்தான். ஆனால் எலுமிச்சைப்புல், நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தமான ஒரு புல். எலுமிச்சையோடு எந்த நெருங்கிய உறவும் கிடையாது. மாண்டரின் எண்ணெயில் கொஞ்சம் 'தைமால்' இருக்கும். ஓமத்தின் வாசனைக்கு அதுதான் காரணம். அதற்காக ஓமமும் ஆரஞ்சும் உறவு இல்லை. ஓமம் கொத்தமல்லி, சீரகத்தின் ஆள்.

கிரேப்ஃப்ரூட்டின் அடையாளமான 'நூட்கடோன்' என்ற சேர்மத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வட அமெரிக்காவின் நூட்கா சைப்ரஸ் மரத்திலிருந்து. முதலில் அதைப் பிரித்தெடுத்தது அந்த மரக்கட்டையில்தான்!

ஏன் இப்படி? வாசனை செய்யும் நொதிகள் சுலபமாக மாறக்கூடியவை. நொதியின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் நடந்தாலே, அது செய்து தரும் பொருள் வேறாகிவிடலாம். தோசைக்கல்லில் குழி விழுந்தால் பணியாரச் சட்டி. அதனால் சம்பந்தமே இல்லாத இரண்டு செடிகள் தனித்தனியாக ஒரே வாசனைக்கு வந்து சேரலாம்.

இன்னொரு பக்கம், ஒரே மரத்தின் காயிலும் வாசனை மாறும். காயா பழமா, எந்தப் பருவம், தோலா இலையா, எண்ணெயைப் பிழிந்து எடுத்தார்களா காய்ச்சி வடித்தார்களா என்று ஒவ்வொன்றும் அளவுகளை மாற்றிவிடும்.

அதனால் ஆய்வாளர்கள் ஒரு சேர்மத்தை வைத்து முடிவு கட்டுவதில்லை. பல சேர்மங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். மரங்களை ஒரே தோட்டத்தில், ஒரே பராமரிப்பில் வைத்து ஒப்பிடுவார்கள். பிறகு மரபணுவோடு சரிபார்ப்பார்கள். 'மூக்கு அப்பா மாதிரி இருக்கு' என்பது ஊர்ப் பேச்சு. டிஎன்ஏ டெஸ்ட்தான் பத்திரம்.

மாத்திரை போடுபவர்கள் கவனிக்க

'சரி, சொந்தம் தெரிஞ்சு எனக்கென்ன ஆகப்போகுது?' என்று தோன்றலாம். அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், ஆகும்.

கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஒரு ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பரிசோதித்தது. மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியது. கடைசியில் பார்த்தால், காரணம் மது அல்ல, ஜூஸ்! இந்த முடிவு 1989ல் வெளியானது.

நம் குடலில் பல மருந்துகளை ஓரளவு சிதைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பும் ஒரு நொதி இருக்கிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள 'பியூரனோகூமரின்' என்ற சேர்மங்கள் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது 1 மாத்திரை போட்டவருக்கு, உடம்பில் பல மாத்திரை போட்ட அளவு மருந்து சேர்ந்துவிடலாம். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடின் உள்படப் பல மருந்துகளுக்கு இந்த எச்சரிக்கை உண்டு.

இப்போது உறவு முறைக்கு வாருங்கள். பிரான்சின் கோர்சிகா தீவில் ஒரு பெரிய சிட்ரஸ் மரச் சேகரிப்பு இருக்கிறது. அங்கிருந்து 61 வகைகளின் தோலையும் சதையையும் எடுத்து, இந்தக் கூமரின் சேர்மங்களை அளந்து 2015ல் ஒரு ஆய்வு வெளியானது. எந்தப் பழத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பது, குடும்ப மரத்தோடு அப்படியே பொருந்தியது. பம்பளிமாஸ், சிட்ரான் வழியில் இந்தச் சேர்மங்கள் உண்டு. மாண்டரினில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அதாவது கிரேப்ஃப்ரூட்டின் மருந்துப் பிரச்சினை, பம்பளிமாஸ் பக்கத்திலிருந்து வந்த பரம்பரைச் சொத்து. கிரேப்ஃப்ரூட் நம் ஊரில் அதிகம் விற்பதில்லை. ஆனால் பம்பளிமாஸ் விற்கிறது. மாத்திரைச் சீட்டில் 'கிரேப்ஃப்ரூட் வேண்டாம்' என்று இருந்தால், பம்பளிமாஸையும் சேர்த்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஆரஞ்சுக்கு ஆரஞ்சு வாசனை கொடுத்தது யார்?

கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அந்த நோய்க்குத் திரும்புவோம். அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் 1997-98 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைவித்தது. 2005ல் அங்கே கிரீனிங் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. புயல்களும் சேர்ந்துகொண்டன. 2024-25ல் விளைந்தது சுமார் 1.2 கோடிப் பெட்டி. இருபதில் ஒரு பங்கு!

இனிப்பு ஆரஞ்சால் இந்த நோயைத் தாங்க முடியவில்லை. தாய் நகலாகவே பெருகி வந்ததால் அதற்குள் மரபணு வேறுபாடும் மிகக் குறைவு. ஒரு மரத்தைத் தாக்கும் நோய் எல்லா மரத்தையும் தாக்கும். வழி என்ன? நோயைத் தாங்கும் சொந்தக்கார மரங்களோடு கலக்க வேண்டும்.

அப்படி ஒரு சொந்தம் 'பொன்சிரஸ்'. மூன்று சிற்றிலை கொண்ட, முள் நிறைந்த மரம். நோயைத் தாங்கும். பழம் வாயில் வைக்க முடியாத கசப்பு. கலந்தால் நோய் தாங்கும் பிள்ளை கிடைக்கலாம். ஆனால் அது 'ஆரஞ்சு' ருசியில் இருக்க வேண்டுமே? ஒரு கன்று வளர்ந்து காய்க்கப் பல வருடம் ஆகும். காய்த்த பிறகு ருசி சரியில்லை என்று தெரிந்தால் அத்தனை வருடமும் வீண்.

இங்கேதான் வாசனை ஆய்வு கைகொடுத்தது. 2024ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் புளோரிடா ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆரஞ்சு, மாண்டரின், பொன்சிரஸ், அவற்றின் கலப்புகள் என 179 ஜூஸ் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஆரஞ்சின் ருசிக்கு முக்கியமான சேர்மங்கள் 26 என்று கண்டார்கள். அதில் ஆரஞ்சையும் மாண்டரினையும் பிரித்துக் காட்டுபவை 7 எஸ்டர்கள். பழ வாசனைக்குப் பெயர்போன சேர்ம வகை இது.

அந்த எஸ்டர்களை உருவாக்கும் மரபணு ஒன்றையும் பிடித்தார்கள். அது வேலை செய்யும் வடிவத்தில் யாரிடமிருந்து ஆரஞ்சுக்கு வந்தது என்று பின்னோக்கிப் போனால், பம்பளிமாஸ்!

பார்க்க, நிறத்தில் எல்லாம் ஆரஞ்சு மாண்டரின் ஜாடைதான். ஆனால் ஆரஞ்சை ஆரஞ்சாக்கும் அந்த மணம் பம்பளிமாஸ் பாட்டி கொடுத்தது. இன்று ஒரு கன்று இரண்டு இலை விட்டதுமே டிஎன்ஏ பார்த்து, 'இது காய்த்தால் இந்த எஸ்டர்கள் இருக்கும், இல்லை' என்று முன்கூட்டியே சொல்ல ஒரு அடையாளமும் கிடைத்திருக்கிறது.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் பெட்டி மேல் 'ஆரஞ்சு ஜூஸ்' என்று எழுத வேண்டும் என்றால், அது இனிப்பு ஆரஞ்சு இனத்தின் சாறாக இருக்க வேண்டும். மாண்டரினோ அதன் கலப்போ 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 'இனிப்பு ஆரஞ்சே ஒரு கலப்புதானே, ருசியும் மணமும் ஒன்றாக இருந்தால் புதிய கலப்பை ஏன் ஆரஞ்சு என்று சொல்லக் கூடாது?' என்று 2020ல் ஆய்வாளர்கள் கேட்டார்கள். தோட்டம் வைத்திருக்கும் விவசாயிக்கு இது வாழ்வா சாவா கேள்வி.

பெயரிலேயே இருக்கிறதோ?

'ஆரஞ்சு' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனவர்கள் அரபு, பாரசீகம், சமஸ்கிருதத்தின் 'நாரங்க' என்று வந்து, அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்கிறார்கள். நம் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அந்தச் சொல்லின் உறவுகள். மணம் என்று பொருள்படும் 'நறு' என்ற சொல்லோடு அதை இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

மேகாலயாவின் காரோ மலையில் நோக்ரெக் என்ற இடத்தில், காட்டு ஆரஞ்சைக் காப்பதற்காகவே ஒரு சரணாலயம் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் 'மேமாங் நாராங்'. பேய்களின் ஆரஞ்சு என்று பொருள். அடுத்த நோய் வரும்போது தாங்கும் மரபணு எந்தக் காட்டுச் சொந்தத்திடம் இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ருசியே இல்லாத காட்டுக் காய்களையும் காப்பாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை ஜூஸ் கடையில் நிற்கும்போது, சாத்துக்குடித் தோலில் நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்து பாருங்கள். பக்கத்தில் கிடக்கும் எலுமிச்சைத் தோலையும் ஒரு கீறு. பெயர்ப் பலகையில் 'ஸ்வீட் லைம்' என்றே இருக்கட்டும். அது ஆரஞ்சு வீட்டுப் பிள்ளை என்று உங்கள் மூக்கே சொல்லிவிடும்.